படகின் அடியைப் பாருங்கள்

(கடற்கரைக் குப்பத்தின் மாலைப் படிப்பு வட்டத்தில் தொண்டர் ஒருவர் பேசியது)



நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள். இதே கரையில் பிறந்தவள். கடலைப் பற்றி உங்களுக்குச் சொல்லித்தர எனக்கு வயதும் இல்லை, அனுபவமும் இல்லை. காற்றைப் பார்த்ததும் அலையைச் சொல்பவர்கள் நீங்கள். நீரோட்டத்தைப் பார்த்ததும் மீனைச் சொல்பவர்கள் நீங்கள்.

ஆனால் ஒரு விஷயத்தைப் பற்றி நாம் கூடிப் பேச வேண்டும் என்று தோன்றியது. அது நம் ஃபைபர் படகின் அடிப்பாகம்.

படகை வாங்கியதும் பெயர் எழுதுகிறோம். மாலை போடுகிறோம். வலை கிழிந்தால் அன்றே உட்கார்ந்து பின்னுகிறோம். இஞ்சின் இருமினால் உடனே மெக்கானிக்கைக் கூப்பிடுகிறோம். படகின் அடியை மட்டும் யாரும் குனிந்து பார்ப்பதில்லை. அது மணலில் கிடக்கிறது. அல்லது தண்ணீரில் கிடக்கிறது. கண்ணில் படாதது மனத்திலும் படுவதில்லை.

நம்மையும் கடலையும் பிரிப்பது அந்த அடிப்பாகம் ஒன்றுதான். அதன் கனம் சில மில்லிமீட்டர். நம் வீட்டு ஆண்களின் உயிர் அந்தச் சில மில்லிமீட்டரின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

ஃபைபர் என்றால் என்ன?

ஃபைபர் என்பது கண்ணாடி நார். மெல்லிய கண்ணாடி நாரைப் பாய் போல ஆக்குகிறார்கள். அதை மேட் என்கிறோம். அந்த மேட்டின் மேல் ரெசின் என்னும் பிசினை ஊற்றி, ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டுகிறார்கள். காய்ந்ததும் அது கெட்டியாகிறது. அதுதான் படகு.

எல்லாவற்றுக்கும் வெளியே வழவழப்பான ஒரு பூச்சு இருக்கும். வெள்ளையாகவோ நீலமாகவோ பளபளக்கும். அதன் பெயர் ஜெல்கோட். அதன் கனம் சுமார் அரை மில்லிமீட்டர்தான்.

ஜெல்கோட் படகின் தோல். உள்ளே இருக்கும் மேட் படகின் சதை. நம் தோலில் காயம் பட்டால் என்ன ஆகும்? சீழ் பிடிக்கும். படகின் தோல் கிழிந்தால் தண்ணீர் உள்ளே ஊறும். மெல்ல மெல்ல ஊறும். அடுக்குகள் ஒன்றை விட்டு ஒன்று பிரியும். அங்கங்கே கொப்புளம் கிளம்பும். படகு கனக்கும்.

ஒரு கணக்குப் போடுவோம். 1 லிட்டர் தண்ணீர் 1 கிலோ. படகின் உடம்பிலும் அடி அறையிலும் 50 லிட்டர் நீர் புகுந்தால் 50 கிலோ. கூலி வாங்காத ஓர் ஆளைத் தினமும் ஏற்றிக்கொண்டு போகிறோம் என்று அர்த்தம். அவருக்கும் சேர்த்துத்தான் எண்ணெய் எரிகிறது.

இன்னொன்றும் உண்டு. பல படகுகளில் பலகைக்கு அடியே தெர்மகோல் அல்லது நுரை அடைத்திருக்கும். படகு கவிழ்ந்தாலும் மூழ்காமல் மிதக்க வைப்பது அதுதான். அந்த அறைக்குள் நீர் புகுந்தால் மிதக்கும் சக்தி குறையும். ஆபத்து நேரத்தில் கைகொடுக்க வேண்டியது, கைவிட்டுவிடும்.

முன்னோர் எப்படிக் காத்தார்கள்?

நம் தாத்தாக்கள் கட்டுமரத்தில் போனார்கள். கரை வந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே பிரித்துக் காயப் போடுவார்கள். நீர் ஊறிய மரம் கனக்கும், சீக்கிரம் உளுக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

சோழமண்டலக் கரையில் மசூலாப் படகு இருந்தது. அதன் பலகைகளை ஆணி அடித்துச் சேர்க்கவில்லை. தென்னங்கயிற்றால் தைத்தார்கள். ஏன்? அலை தூக்கி மணலில் போடும்போது படகு கொஞ்சம் வளைந்து கொடுக்க வேண்டும். ஆணி அடித்த படகு அந்த அடியில் பிளந்துவிடும். தைத்த படகு தாங்கும். எழுதப் படிக்கத் தெரியாத காலத்திலும் நம்மவர்கள் படகின் அடியைப் பற்றி எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் பாருங்கள்!

பிறகு ஃபைபர் வந்தது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அடித்தது. கட்டுமரமும் மரப்படகும் ஆயிரக்கணக்கில் போயின. அதன் பிறகு நம் கரைகளில் ஃபைபர் படகுகள் மிகவும் பெருகின. ஃபைபர் உளுக்காது. கரையான் அரிக்காது. அதனால் அதைக் கவனிக்கவே வேண்டாம் என்று பலர் நினைத்துவிட்டோம். அது சரியல்ல. ஃபைபர் உளுக்காது, ஆனால் தேயும்.

எங்கே தேய்கிறது?

முதலில், கரையேற்றும்போது. மணல் மிருதுவாகத் தெரியும். உண்மையில் அது ஓர் உப்புத்தாள். தச்சர் மரத்தைத் தேய்க்கும் உப்புத்தாளும் மணலும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. படகை ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் ஜெல்கோட் கொஞ்சம் தேய்கிறது. அடியின் நடுவே முதுகெலும்பு போல ஓடும் ஏராதான் அதிகம் தேயும். அடுத்தது அணியத்தின் அடி. அதற்கடுத்தது, மணலில் இழுபடும் பின் மூலை.

இரண்டாவது, கல். புதுச்சேரியில் 1980களின் இறுதியில் துறைமுகச் சுவர் கட்டினார்கள். அதன் பிறகு சுவருக்கு வடக்கே மணல் குறைந்தது. கடல் ஊருக்குள் வராமல் இருக்கக் கருங்கல் கொட்டினார்கள். மணல் இருந்த இடத்தில் கல் வந்தால் படகை எங்கே ஏற்றுவது? கல்லுக்குப் பக்கத்தில் நிறுத்துகிறோம். அலை வந்து மோதும்போது படகு கல்லில் உரசுகிறது. மணல் தேய்க்கும், கல் கீறும், உடைக்கும்.

மூன்றாவது, ஒன்றோடு ஒன்று கட்டிய படகுகள். இரவு முழுதும் விலாவோடு விலா மோதும்.

நான்காவது, நாமே செய்வது. நங்கூரத்தை விளிம்பில் உரச விட்டு இழுக்கிறோம். அடியில் ஒட்டிய சிப்பிகளை இரும்புக் கத்தியால் சுரண்டுகிறோம். சிப்பியோடு ஜெல்கோட்டும் போய்விடுகிறது.

ஐந்தாவது, வெயில். வருஷக்கணக்காக வெயிலில் காய்ந்தால் பூச்சு வெளுத்து மாவு மாதிரி உதிரும். பிறகு சின்ன அடிக்கும் வெடிக்கும்.

தேயாமல் காப்பது எப்படி?

இதற்குப் பெரிய செலவு இல்லை. பழக்கம்தான் வேண்டும்.

படகை இழுக்காதீர்கள், உருட்டுங்கள். பனந்துண்டு, தடித்த பிளாஸ்டிக் குழாய், எது கிடைத்தாலும் அடியில் உருளையாகப் போடுங்கள். நான்கு உருளை இருந்தால் போதும். பின்னால் விடுபடுவதை எடுத்து முன்னால் போட ஒரு பையன் போதும்.

பாரத்தை இறக்கிவிட்டு ஏற்றுங்கள். மீன், வலை, ஐஸ், எண்ணெய்க் கேன் எல்லாவற்றையும் இறக்குங்கள். உள்ளே நிற்கும் தண்ணீரை இறைத்து விடுங்கள். பாரம் பாதியானால் தேய்வும் குறையும்.

இங்கே ஒரு சங்கடம் இருப்பது எனக்குத் தெரியும். ஏலம் தொடங்கிவிடும். மீன் விலை இறங்கிவிடும். வீட்டு அக்கா கூடையோடு நிற்பார். அந்த அவசரத்தில் வலையும் மீனுமாகப் படகை நான்கு பேர் தர தரவென்று இழுக்கிறோம். பாரம் இறக்கப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடத்தைக் கொடுக்காத படகு, பிறகு பத்து நாள் கரையில் கிடக்கும். எது லாபம் என்று நீங்களே சொல்லுங்கள். மீனை முதலில் இறக்கி ஏலத்துக்கு அனுப்பிவிடலாம். படகை அதற்குப் பிறகு நிதானமாக ஏற்றலாம்.

ஆள் சேர்த்து ஏற்றுங்கள். இன்று உங்கள் படகுக்கு அவர்கள் கைகொடுத்தால், நாளை அவர்கள் படகுக்கு நீங்கள் கைகொடுப்பீர்கள். இது நம் கரையில் பழைய வழக்கம். அதை விட்டுவிடக் கூடாது.

படகைக் கல்லின் மேல் நிறுத்தாதீர்கள். பழைய டயர் அல்லது மணல் மூட்டை மேல் நிறுத்துங்கள். விலாவில் டயர் தொங்க விடுங்கள். வெயிலுக்குக் கீற்று போட்டு மூடுங்கள். சிப்பியைச் சுரண்ட மரப்பட்டை அல்லது பிளாஸ்டிக் தகடு போதும்.

ஏராவுக்குச் செருப்புப் போடுங்கள். ஆமாம், செருப்புத்தான்! வெறுங்காலோடு முள்ளில் நடப்போமா? ஏராவின் மேல் இரண்டு மூன்று அடுக்கு மேட் கூடுதலாக ஒட்டிவிட்டால், தேய்வது அந்த அடுக்காக இருக்கும். படகு தேயாது. அது தேய்ந்த பிறகு மறுபடி ஒட்டிக்கொள்ளலாம். சிலர் ரப்பர் பட்டையோ மரச் சட்டமோ வைத்துத் திருகாணி முடுக்குகிறார்கள். அதுவும் நல்லதுதான். ஆனால் திருகாணி போகும் துளை வழியாக நீர் புகும். துளையை நன்றாக அடைக்க வேண்டும்.

எப்படிப் பரிசோதிப்பது?

கடலுக்குப் போகாத ஒரு நாளில் படகைச் சாய்த்துப் போடுங்கள். நல்ல தண்ணீரால் உப்பையும் மணலையும் கழுவுங்கள். பிறகு மூன்று வேலை செய்யுங்கள்.

முதல் வேலை, கண்ணால் பாருங்கள். வெறும் கீறலா? கீறலுக்குள் நார் தெரிகிறதா? நார் தெரிந்தால் தோல் போய்ச் சதை தெரிகிறது என்று பொருள். அதைத் தள்ளிப் போடக் கூடாது.

இரண்டாம் வேலை, கையால் தடவுங்கள். கொப்புளம், மேடு, பள்ளம் கைக்குத் தெரியும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடி நார் கையில் ஏறும்.

மூன்றாம் வேலை, தட்டிப் பாருங்கள். ஒரு நாணயத்தால் தட்டினால் போதும். நல்ல இடத்தில் 'டக் டக்' என்று கணீரென்று கேட்கும். அடுக்கு பிரிந்த இடத்தில் 'பொத் பொத்' என்று கேட்கும். தேங்காய் வாங்கும்போது தட்டிப் பார்க்கிறோம் அல்லவா? அதே வித்தைதான். சந்தேகமான இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போட்டு வையுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அவர்கள் அப்போது படகைக் கரையேற்றிப் பழுது பார்க்கிறார்கள். நம் சிறிய படகுகளுக்கு அப்படி ஓய்வு கிடைப்பதில்லை. நாம்தான் கொடுக்க வேண்டும். மாதம் ஒரு நாள் பாருங்கள். ஐப்பசி மழைக்கு முன் ஒரு முறை, தை பிறந்ததும் ஒரு முறை, முழுதாகக் கவிழ்த்துப் போட்டுப் பாருங்கள்.

சிறிய பழுதைச் சரி செய்வது

ஏரா விரிந்து போயிருந்தால், இஞ்சின் மாட்டும் இடம் வெடித்திருந்தால், ஓட்டை உள்ளே வரை போயிருந்தால், பழகிய தொழிலாளியைத்தான் கூப்பிட வேண்டும். மேலோட்டமான காயத்தை நாமே சரி செய்யலாம். முறை இதுதான்.

1. காய விடுங்கள். பல நாள் வெயில் வேண்டும். காய்ந்ததா என்று எப்படித் தெரியும்? ஒரு பிளாஸ்டிக் தாளை அந்த இடத்தில் நான்கு பக்கமும் ஒட்டுங்கள். மறுநாள் தாளின் உள்பக்கம் நீர் முத்து முத்தாக இருந்தால் இன்னும் காயவில்லை.

2. காயத்தைச் சுற்றித் தேய்த்துச் சரிவாக்குங்கள். படகின் கனத்தைப் போல 12 மடங்கு தூரம் சரிவு வேண்டும். கனம் 5 மில்லிமீட்டர் என்றால் 60 மில்லிமீட்டர், அதாவது 6 சென்டிமீட்டர். சரிவு இல்லாமல் ஒட்டினால் ஒட்டு பெயர்ந்து வரும்.

3. தூசியைத் துடைத்து, அசிட்டோன் நனைத்த துணியால் மறுபடி துடையுங்கள். எண்ணெய்ப் பசை இருந்தால் ரெசின் ஒட்டாது.

4. மேட்டை வெட்டிக்கொள்ளுங்கள். ஒன்றைவிட ஒன்று கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும்.

5. ரெசினைக் கலந்து தடவி, மேட்டை வைத்து, உருளையால் அழுத்துங்கள். உள்ளே காற்றுக் குமிழ் நிற்கக் கூடாது. குமிழ் நின்ற இடத்தில் நாளை நீர் நிற்கும்.

6. காய்ந்ததும் தேய்த்துச் சமப்படுத்தி, மேலே ஜெல்கோட் பூசுங்கள். பிறகு பிளாஸ்டிக் தாளால் மூடி வையுங்கள். திறந்து விட்டால் மேல்பகுதி பிசுபிசுப்பாக நிற்கும்.

7. இரண்டு மூன்று நாள் விட்டுக் கடலில் இறக்குங்கள்.

மழை நாளில் இந்த வேலை வேண்டாம். உச்சி வெயிலிலும் வேண்டாம்.

டப்பாவில் இருக்கும் எழுத்து

இப்போது சொல்லப்போவதுதான் முக்கியம். தயவுசெய்து கவனமாகக் கேளுங்கள்.

ரெசின் தானாகக் கெட்டியாகாது. அதற்கு இரண்டு மருந்து சேர்க்கிறோம். ஒன்று கோபால்ட். இன்னொன்று கேட்டலிஸ்ட். முதலில் கோபால்ட்டை ரெசினில் ஊற்றி நன்றாகக் கலக்க வேண்டும். அது முழுதும் கலந்த பிறகுதான் கேட்டலிஸ்ட்டை ஊற்ற வேண்டும்.

கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேராக ஒன்றில் ஒன்று ஊற்றவே கூடாது. தீப்பற்றும். வெடிக்கும். இரண்டுக்கும் ஒரே கரண்டியைக்கூடப் பயன்படுத்தாதீர்கள். சில ரெசினில் கோபால்ட்டை முன்பே கலந்து விற்கிறார்கள். கடையில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வை போகலாம். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பட்டுவிட்டால் உடனே நல்ல தண்ணீரால் 15 நிமிடம் விடாமல் கழுவிக்கொண்டே இருங்கள். பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். தேய்க்கும்போது மூக்கை மூடுங்கள். பக்கத்தில் பீடி, அடுப்பு எதுவும் வேண்டாம். கண்ணாடித் தூசியைக் கூட்டி அள்ளுங்கள். குழந்தைகள் வெறுங்காலோடு விளையாடும் மணல் அது.

எவ்வளவு சேர்ப்பது? வழக்கமாக 100 கிராம் ரெசினுக்கு 1 முதல் 2 கிராம் கேட்டலிஸ்ட். ஆனால் டப்பாவில் என்ன அளவு போட்டிருக்கிறதோ அதுதான் சரியான அளவு. 100க்கு 1 என்றால் அரை கிலோவுக்கு எவ்வளவு? 5 கிராம். 100க்கு 2 என்றால்? 10 கிராம். அதிகம் ஊற்றினால் சூடாகிப் புகைந்து வெடிப்பு விடும். குறைவாக ஊற்றினால் காயவே காயாது. கண் மதிப்பில் மூடியால் ஊற்றுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஒரே தடவையில் நிறையக் கலக்கவும் வேண்டாம்.

டப்பாவின் மேல் தயாரித்த தேதியும் கெடு தேதியும் இருக்கும். எழுத்து ஆங்கிலமாக இருக்கலாம். எண்ணை நீங்கள் படிக்கலாம். இன்று நம் வட்டத்தில் எண் படிக்கத் தெரியாதவர் யாரும் இல்லை! கெடு தாண்டிய டப்பாவைக் கடைக்காரர் கொடுத்தால் திருப்பிக் கொடுங்கள். இரண்டு மருந்துக்கும் தமிழில் பெயர் எழுதிச் சீட்டு ஒட்டுங்கள். தனித்தனி இடத்தில் பூட்டி வையுங்கள். கலர் பாட்டிலிலோ தண்ணீர் பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள். தாகத்தோடு வரும் குழந்தைக்கு அது மருந்து என்று தெரியாது.

கயாக் தள்ளும் தம்பிகளுக்கு

நம் பிள்ளைகளில் சிலர் சுற்றுலாப் பயணிகளைக் கயாக்கில் அழைத்துப் போகிறார்கள். கயாக் என்பது ஒருவர் இருவர் உட்கார்ந்து துடுப்புப் போடும் குறுகிய படகு. அதில் பெரும்பாலானவை பிளாஸ்டிக். ஃபைபர் அல்ல. அதன் மேல் ரெசின் ஒட்டாது. ஒட்டினாலும் உரிந்துவிடும். பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டத் தெரிந்தவர்தான் சரி செய்ய முடியும்.

அதனால் அதற்குக் காப்பு ஒன்றுதான். கரையில் இழுக்காமல் இரண்டு பேர் தூக்க வேண்டும். ஆளை உட்கார வைத்து மணலில் தள்ளாமல், முழங்கால் தண்ணீரில் மிதக்கவிட்டு ஏற்ற வேண்டும். இறங்கும்போதும் அப்படியே. மரவேரும் சிப்பியும் உள்ள கழிமுகத்தில் மெதுவாகப் போக வேண்டும். வேலை முடிந்ததும் கழுவி, நிழலில் கவிழ்த்து வைக்க வேண்டும். வெயில் பிளாஸ்டிக்கை நொறுங்கச் செய்யும்.

ஒரு நாற்பது பக்க நோட்டு

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு படகுக்கும் ஒரு நாற்பது பக்க நோட்டு போடுங்கள். பெரிய வேலை இல்லை. மாதம் மூன்று வரி எழுதினால் போதும்.

தேதி. பார்த்த இடம். செய்த வேலையும் செலவும்.

இப்படி எழுதலாம்: 'செப்டம்பர் 10. ஏராவில் ஒரு சாண் நீளம் நார் தெரிகிறது. காய வைத்து இரண்டு அடுக்கு மேட் ஒட்டினோம்.'

இதை அண்ணன்மார்தான் எழுத வேண்டும் என்று இல்லை. அவர்கள் தட்டிப் பார்க்கட்டும். அக்காமார் எழுதட்டும். படகுக் கடனை அடைப்பதில் பெண்களின் மீன் கூடைக்கும் பங்கு உண்டு. படகு வர நேரமானால் கரையில் நின்று கடலையே பார்த்துக் கொண்டிருப்பதும் பெண்கள்தான். அந்தப் படகின் அடி எப்படி இருக்கிறது என்று அறிந்துகொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு.

நோட்டு இருந்தால் எந்த இடம் திரும்பத் திரும்பத் தேய்கிறது என்று தெரியும். ஒரே இடம் மூன்று முறை தேய்ந்தால் ஏற்றும் முறையில் தவறு என்று புரியும். படகை விற்கும்போதும் அந்த நோட்டைக் காட்டிப் பேசலாம்.

நகத்தால் கிள்ளக் கூடியதைக் கோடரிக்கு விடக் கூடாது என்பார்கள். இன்று ஒரு கீறல். ஒரு துண்டு மேட், கொஞ்சம் ரெசின், இரண்டு நாள் வேலை. நாளை அது பிளவு. பிளவு எங்கே, எப்போது வாய் திறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கரையில் திறந்தால் பணம் போகும். நடுக்கடலில் திறந்தால் என்ன போகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

நாளை காலை எல்லோரும் உங்கள் படகுக்குப் போங்கள். குனிந்து அடியைப் பாருங்கள். ஒரு நாணயத்தால் தட்டுங்கள். என்ன சத்தம் கேட்டது என்று அடுத்த வகுப்பில் வந்து சொல்லுங்கள். அதையே பலகையில் எழுதிப் படிப்போம்.